காக்கைக்குப் பிடித்த கறுப்பு

கண்ணுகளா, நகரத்தில் காக்கையே அரிதாகிவிட்ட காலம் அது. அம்மாவின் திதிக்குச் சோறு வைத்த தணிகாசலம், காக்கையை வரவழைக்கப் பால்கனி டிவித் திரையில் ஒரு காக்கைப் படத்தை ஓடவிட்டார். காக்கை சோற்றைத் தொட்ட பிறகுதான் வீட்டில் சாப்பாடு.

நிஜக் காக்கை ஒன்று வந்தது. திரையைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"எல்சிடில சைடுல பாத்தா சாம்பலா தெரியுதுங்க. அதான் நம்பல. ஓஎல்இடி டிவில எப்படிப் பாத்தாலும் கறுப்பு கறுப்பாவே இருக்கும்," என்றாள் மனைவி குமுதவல்லி, பசியோடு.

கடையிலிருந்து புதுத் திரை வந்தது. மாட்டியதும் போன காக்கையே திரும்பி வந்தது. சோற்றைக் கொத்தியது. அடுத்த வாய்ச் சோற்றைத் திரைக்காக்கையின் அலகில் வைத்து அழுத்தியது.

கடைக்காரர் போனில் கேட்டார்: "படம் எப்படி சார்?"

தணிகாசலம் துள்ளினார். "எங்கம்மாவே நம்பிட்டாங்கய்யா! ஊட்டிவிட்டுக்கிட்டு இருக்காங்க!"