மாம்பழ வாசனையில் ஒன்று

டாரா அமெரிக்காவின் டொலிடோ நகருக்குக் குடிவந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. புதுப் பள்ளியில் அவளைச் சேர்த்துக்கொண்டது கெல்சியின் கூட்டம் மட்டும்தான். அதையும் இழந்தால் மதியம் தனியாகத்தான் சாப்பிட வேண்டும்.

"மாம்பழ வாசனையில வேப், அதான் எலெக்ட்ரானிக் சிகரெட், ஒண்ணு வாங்கிட்டு வா. இருபத்தொரு வயசு ஆனவங்களுக்குத்தான் விப்பாங்க. நீ உயரமா இருக்கே, ஆயிடுச்சுன்னு நம்பிடுவாங்க," என்றாள் கெல்சி. "பயமா இருந்தா வீட்டுக்குப் போய் பால் குடி."

"எனக்கென்ன பயம்? வாங்க."

டாரா அவர்களை நெடுஞ்சாலையோர பெட்ரோல் பங்க் கடைக்கு அழைத்துப் போனாள். மற்றவர்கள் தள்ளி நிற்க, கெல்சி கதவைக் காலால் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கல்லாவில் ஒரு பெண் இருந்தாள். மிட்டாய் அடுக்குக்குப் பக்கத்தில், மிட்டாய் நிறத்திலேயே வேப் விளம்பரம். டாரா அதைக் காட்டினாள்.

"அதுல மாம்பழம் ஒண்ணு."

"வயசு பார்க்கணும், டிரைவிங் லைசென்ஸைக் காட்டு."

டாரா நீட்டினாள்.

"பதினாறு வயசா? கலர் தாள் சுத்திட்டா விஷம் மிட்டாய் ஆயிடுமா? இந்த வயசுல நிக்கோடின் புடிச்சா லேசுல விடாது, தெரியுமா? போலீஸைக் கூப்பிடறேன். ஏய், வாசல்ல நிக்கிறவளே, நீயும் உள்ளே வா."

கதவு படாரென்று மூடியது. வெளியே இருந்த ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பதுங்கிய கெல்சி, கண்ணாடி வழியே ஓடி வந்துவிடும்படி டாராவுக்குப் பதற்றமாகக் கைகாட்டினாள்.

கல்லாக்காரி குரலைத் தாழ்த்தினாள். "ரொம்பக் கத்திட்டேனா?"

"சரியா இருந்துச்சு." டாரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ராத்திரிக்கு பீட்சா சூடு பண்ணி வைக்கிறேன். சீக்கிரம் வீட்டுக்கு வந்துடு, அம்மா."