ஐந்து பேருக்கான படம்

எங்கள் வார்டில் ஆறு கட்டில்கள். ஆஸ்பத்திரி வாங்கியிருந்த படக்காட்சி உரிமம் ஐந்து பேருக்குத்தான். ஆறாவது ஆள் திரையைப் பார்த்தால் படம் அப்படியே நின்றுவிடும். அதனால் தினமும் ஒருவர் முறை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வோம். இனிக் குணமாகாது என்று கைவிடப்பட்டவர்களுக்கு மத்தியானப் படத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது?

வியாழக்கிழமை என் முறை.

"அண்ணாச்சி, இன்னைக்கு நல்ல படம். நடுவுல கண்ணத் தொறந்து கெடுத்துராதீங்க" என்றான் பக்கத்துக் கட்டில் பேச்சிமுத்து.

ஒரு மணி நேரம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கடைசிச் சண்டை தொடங்கியதும் பொறுக்க முடியவில்லை. லேசாகத் திறந்தேன். படம் நிற்கவில்லை. எவனோ தூங்கிவிட்டான், நமக்கு யோகம் என்று நினைத்துக்கொண்டு முடியும்வரை பார்த்தேன். யார் தூங்கியது என்று தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் புனிதா, பேச்சிமுத்துவின் கையைத் தொட்டாள். பிறகு கழுத்தைத் தொட்டாள். போர்வையை அவன் முகம்வரை இழுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எப்பம் கண்ண மூடுனாருன்னு யாராச்சும் பாத்தீங்களா? நேரம் எழுதணும்."

மற்ற நால்வரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சண்டை தொடங்குவதற்கு முன்பே என்று எனக்கு மட்டும்தான் தெரியும். புனிதா என்னைப் பார்த்தாள்.

"நான் கண்ண மூடிக்கிட்டுல்லா கெடந்தேன், சிஸ்டர்" என்றேன்.