இசக்கிமுத்துவின் வாய்

மளிகைக்கடை இசக்கிமுத்துவைக் குத்திக் கொன்றுவிட்டார்கள் என்று கேட்டதும் அனுசுயாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பாவம் என்று தோன்றியதெல்லாம் அதற்கப்புறம்.

நடந்தது நேற்று மதியம். வீதியே கம்பெனிக்குப் போயிருந்த நேரம்.

இன்று காலை குடிதண்ணீர் வருகிற நாள். காம்பவுண்டுக் குழாயடியில் குடம் நிறைவதற்கு முன்னால் பேச்சு நிறைந்துவிட்டது.

"செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசப்படாது," என்று ஆரம்பித்தாள் வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள். "ஆனா அவனுக்கு வாயி நீளம். எவ ஊட்டுல என்ன கொழம்புன்னு கேக்காம பருப்பு நிறுத்துப் போடமாட்டான்."

"நானும் தப்பாப் பேசலக்கா," என்றாள் எதிர் வீட்டு சித்ராதேவி. "ஏதோ பொம்பள வெவகாரமாத்தான் இருக்கும். இல்லேன்னா பட்டப்பகல்ல எதுக்குக் குத்துறாங்க?"

"நீ பாத்தியா?"

"பாக்கலக்கா. அதான் சொல்றேன், தப்பாப் பேசலன்னு."

வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் மொக்கைச்சாமி நுரையைத் துப்பினான். "எடத்தகராறா இருக்கும். பல்லடம் ரோட்டுல சைட்டு வாங்கிப் போட்டிருக்கான்னு ஒரு பேச்சு இருந்துச்சு."

"பொணத்தை இங்க கொண்டாருவாங்களாக்கா?"

"ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவனூருக்கே எடுத்துட்டுப் போறாங்களாம்."

"அப்ப மாலை வாங்க வேண்டியதில்ல," என்று சித்ராதேவி குடத்தை நகர்த்தினாள். "இனிமே பால் பாக்கெட்டுக்குத்தான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடக்கணும்."

தெய்வாத்தாள் திரும்பினாள். "வர்ஷினியம்மா, நீ ஏங் கண்ணு வாயே தொறக்கல?"

இந்தக் காம்பவுண்டில் அனுசுயா வெறும் வர்ஷினியம்மாதான். சொந்தப் பேரைச் சொல்ல முடியாது. சாதி விட்டுச் சாதி கட்டிக்கொண்டு, ராஜ்கமலோடு விருதுநகர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தவள். அண்ணன் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். கையில் கிடைத்தால் குழந்தையோடு சேர்த்து மூன்று பேரையும் விட்டு வைக்க மாட்டான்.

புருஷனைத் தவிர அந்தப் பேர் தெரிந்த ஒரே ஆள் இசக்கிமுத்து.

தப்பு அவள்மேல்தான். போன மாதம் குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. பயத்தில், அவர் கடையிலிருந்த ஒரு ரூபாய் போனில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா, நான் அனுசுயா."

அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. வைத்துவிட்டுத் திரும்பினால், தராசைப் பிடித்தபடியே இசக்கிமுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கடைக்குப் போனாலே கேள்விதான். "ஊரு எந்தப் பக்கம் தாயி? கூடப் பொறந்தவன் உண்டுமா? ஆளு எப்படி இருப்பான், கறுப்பா செவப்பா? எந்த வண்டியில சுத்துவான்?"

கேஸ்காரன், கேபிள்காரன், கம்பெனி வேன் டிரைவர் என்று இந்த ஏரியாவுக்கே வழி சொல்கிற வாய் அது. அண்ணன் வந்து நின்றால் அவனுக்கும் சொல்லும். ஒரு பீடிக்கட்டு வாங்கினால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டே வரும். அனுசுயா அந்தக் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள். வேறு வீடு பார்க்கச் சொல்லி ராஜ்கமலைத் தினமும் நச்சரித்தாள்.

இனி அந்தப் பயம் இல்லை.

"எனக்கும் அவரைப் பிடிக்காதுக்கா," என்றாள் மெல்ல. "தேவையில்லாம ரொம்ப விசாரிப்பாரு."

"பாருங்க, வாயில்லாப் பூச்சி, அதே சொல்லுது!" என்றாள் சித்ராதேவி.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் போலீஸ் வந்தார். கையில் ஒரு போட்டோ.

"அனுசுயான்னு இங்க யாராச்சும் இருக்காங்களா? குத்துனவங்க இந்தப் பொண்ணைத் தேடித்தான் வந்திருக்கானுங்க. ஓடறப்போ போட்டோவைப் போட்டுட்டுப் போயிட்டானுங்க."

தெய்வாத்தாள் எட்டப் பிடித்துப் பார்த்தாள். "ரெட்டைச் சடை, ரிப்பன், கழுத்துல டை... இந்தக் காம்பவுண்டுல இஸ்கோலுப் புள்ளையே இல்லீங்களே."

சித்ராதேவியும் பார்த்தாள். "இம்புட்டுக் கொழுகொழுன்னு எங்க லைன்ல ஆளே கிடையாது மேடம்."

போட்டோ அனுசுயாவின் கைக்கு வந்தது.

பத்தாம் வகுப்பில், கான்வென்ட் மைதானத்தில் எடுத்தது. பின்னால் திருப்பினாள். அண்ணனின் எழுத்தில், கடையின் போன் நம்பர். கூப்பிட்ட நம்பர் அம்மாவின் போனில் விழுந்திருக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவேயில்லை.

இடுப்பிலிருந்த குழந்தையை, அது சிணுங்கும் அளவுக்கு இறுக்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு? தெரியுமாங்க?"

"தெரியாதுங்க."

போட்டோவை வாங்கிக்கொண்டு போலீஸ் நடந்தார். அண்ணனிடம் இசக்கிமுத்து என்னென்ன உளறினாரோ? இந்த வீடு வரைக்கும் சொல்லியிருந்தால் இப்போதே கிளம்பியாக வேண்டும். அனுசுயா பின்னாலேயே ஓடினாள்.

"மேடம்... கடைக்காரர் அவங்ககிட்ட என்ன சொன்னாராம்?"

"எதுத்தாப்புல இஸ்திரி போடற பெரியகருப்பன் கேட்டுட்டே இருந்திருக்காருங்க. நேத்துல இருந்து ஸ்டேஷன்லதான் இருக்காரு, பாவம், இன்னும் நடுக்கம் நிக்கல. மூணு தடவை கேட்டிருக்கானுங்க. கடைசித் தடவை கழுத்துல கத்திய வெச்சு."

"என்ன சொன்னாரு?"

"இப்ப போட்டோவைப் பாத்துட்டு நீங்க சொன்னதையேதாங்க. மூணு தடவையும்."