வயிற்றில் இடம் வையுங்கள்

“யாரும் இதைத் தின்னு வயித்தை ரொப்பிக்காதீங்க. எல்லாம் பொண்ணு வீட்டுக்காரங்களோட தந்திரம்.”

மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். டிரேயை நீட்டிய பரிமாறுகிறவளின் கை அப்படியே நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் நின்றிருந்த கல்யாணப் பெண்ணின் அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணம் முடிந்தாயிற்று. விருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கிடந்தது. மணமக்கள் தோட்டத்தில் போட்டோவுக்கு நிற்கும் வரை, வந்தவர்களுக்கு வாய்க்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெண்ணைப் பெற்ற அண்ணன் இவள் தலையில் கட்டியிருந்தார். விருந்துக்கு வாரி இறைத்த மகராசன், இதற்கு மட்டும் கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு ரொட்டித் துண்டு, கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு தேநீர் என்று அத்தை பார்த்துப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் அழைக்காதவர்களும் பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தார்கள். செய்தது பாதிப் பேருக்குக்கூட வராது. டிரே காலியானால் சம்பந்தியம்மாள் சும்மா விடுவாளா? பசியோடு உட்காரவைத்தார்கள் என்று அண்ணன் மகளை ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள்.

சற்று முன்பு சமையலறை வாசலுக்குப் போய், சமையல்காரரின் மனைவியிடம் புலம்பிவிட்டு வந்திருந்தாள். பேரம், அட்வான்ஸ் எல்லாமே அந்த அம்மாளோடுதான். புருஷன் அடுப்பை விட்டு வெளியே தலைகாட்டியதில்லை. பயப்படாதீர்கள், எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று அவள் சாவகாசமாகச் சொன்னது அத்தைக்கு இன்னும் எரிச்சல். அடுப்படியில் இருந்துகொண்டு அவர் என்னத்தைப் பார்த்துக் கிழிப்பார்?

அந்தத் தலைவலி போதாதென்று இப்போது இந்த ஆள். மேசை மேசையாகப் போய் உட்கார்ந்து ஓதினார். கோட்டின் கை மணிக்கட்டை எட்டாமல் பாதியிலேயே நின்றது. இரவல் கோட்டுக்கே இவ்வளவு திமிரா என்று அத்தை பல்லைக் கடித்தாள்.

“உள்ள கோழி அண்டா அண்டாவா வெந்துக்கிட்டு இருக்கு. அதுல நம்ம கை பட்டுறக் கூடாதுன்னுதான் இந்தக் காஞ்ச ரொட்டியை நீட்டுறாங்க. வயித்துல இடம் வைங்க.”

நம் ஆள் ஒருவர் சொல்கிறார், விஷயம் இல்லாமலா இருக்கும் என்பதுபோல் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நீட்டிய டிரேயையெல்லாம் கையால் தள்ளினார்கள். சம்பந்தியம்மாள் வாய் வரைக்கும் கொண்டுபோன ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, அத்தையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். உன் குட்டு வெளிப்பட்டுவிட்டதடி என்கிற சிரிப்பு.

அத்தைக்கு அவமானத்தில் காது சுட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆளிடம் நேரடியாக மல்லுக்கு நிற்க முடியாது. கோபத்தைக் கொட்ட மிச்சமிருந்தது கட்டிய புருஷன்தான். மாமா மூலையில் வெறும் சட்டையோடு உட்கார்ந்து, பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். மேலே போட்டுக்கொள்ளக் காலையில் அவள் தேய்த்துக் கொடுத்ததைக்கூடப் புழுக்கமென்று எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டாராம்.

“அந்த ஆளு நம்ம குடும்பத்தையே நாறடிக்கிறான். நீங்க பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க. போய் ரெண்டு வார்த்தை கேட்டா என்ன?”

“விடு. சொல்றவன் சொல்லிட்டுப் போறான்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து இதைத் தவிர வேற ஒரு வார்த்தை உங்க வாயில வந்ததில்லை. உங்களைக் கட்டினதுக்கு ஒரு சுவத்தைக் கட்டியிருந்தா, சாஞ்சுக்கவாவது ஆகியிருக்கும்.”

மாமா மண்டபத்தைப் பார்த்தபடியே விசிறிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பியபோது அந்த ஆளைக் காணோம். சமையலறைப் பக்கம் போனதாகப் பரிமாறுகிறவள் சொன்னாள். ஓகோ, விருந்தையும் நோண்டிப் பார்த்து நொட்டை சொல்லப் போயிருக்கிறானா? அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நாலு பேர் முன்னால்தானே வாயைத் திறக்கக் கூடாது? அடுப்படியில் வைத்து அவன் மானத்தை வாங்கிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

முதலில் கண்ணில் பட்டவை டிரேக்கள். ரொட்டியும் வறுவலும் கை படாமல் மேசை நிறைய இருந்தன. எல்லோருக்கும் நீட்டியாயிற்று, இல்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை என்றாள் சமையல்காரரின் மனைவி.

“பட்டினி போட்டாங்கன்னு இனிமே யாரு சொல்ல முடியும்? நாம குடுத்தோம், அவங்கதானே வேணாம்னாங்க.”

அவளுக்குப் பின்னால், அந்த ஆள் சட்டைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கோழி அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“இவருதான் எங்க வீட்டுக்காரரு” என்றாள் அவள்.

சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டைப் பத்திரமாக எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

“கோட்டு உங்க வீட்டுக்காரரோடதுங்க. யோசனையும் அவரோடதுதான்.”