கண்ணாடியின் மறுபக்கம்

கண்ணாடித் துண்டின் மேல் படிந்திருந்த சுண்ணாம்புப் படலம் அப்பளம் போல் பெயர்ந்து வந்தது.

அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அவள் தலைவிளக்கைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனாள். ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு. பலாப்பழம் வெட்டுகிறேன் பேர்வழி என்று அவன் வாங்கிக்கொண்டது.

நாயகம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் குகையில், இந்தச் சொட்டுக்கு அடியில் கண்ணாடியை வைத்தவன் அவன்தான். கையுறை போடாமல். கணவன் என்றும் பார்க்காமல் அன்று திட்டித் தீர்த்தாள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கிலும் கார்பன் இருக்கிறது, துடை என்றாள்.

"தொடச்சாச்சு தாயே," என்றான்.

அடுத்த மாதம் அவன் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்றான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துடைக்கவே இல்லை, புளுகன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

பழங்காலத்துக் காற்றில் எவ்வளவு கதிர்க்கார்பன் இருந்தது என்று குகைக்குள் வளரும் கல் சொல்லும். ஆனால் சொட்டும் நீர் வருகிற வழியில் பாறையின் கார்பனையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கதிர் எப்போதோ அணைந்துபோன கார்பன். செத்த கார்பன் என்பார்கள். அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் கழிக்க முடியும். இந்தக் கண்ணாடியில் படிவதை இன்றைய காற்றோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இருவரும் சேர்ந்து தொடங்கிய வேலை.

செத்ததைக் கழிக்கிற கணக்கு அது. உயிருள்ளவன் விரல் பட்டால் கெட்டுப்போகும்.

ரேகைமேல் இருந்து பெயர்ந்த படலத்தை ஒதுக்கினாள். ஓரத்தில் சுரண்டிய பொடியே சோதனைக்குப் போதும். இனி கண்ணாடியைத் துடைத்து, அடுத்த படிவுக்காக மறுபடி சொட்டுக்கு அடியில் வைக்க வேண்டும்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். கை போகவில்லை.

வேறு கண்ணாடி வைத்துவிட்டு இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அங்கே என்றைக்காவது யாராவது அழுக்கு என்று துடைத்துவிடுவார்கள்.

பின்னால் அவளுடைய ஆராய்ச்சி மாணவி ரெஜினா பொடிக் குப்பியை மூடிக்கொண்டிருந்தாள்.

"தொடச்சாச்சா மேடம்?"

கையிலிருந்த கண்ணாடியை அவள் திருப்பினாள். மேலே வந்த பக்கத்தைப் பளிச்சென்று துடைத்தாள். அவன் விரல் அடியிலிருந்த கல்லைத் தொட்டபடி இருக்குமாறு மெதுவாக வைத்தாள்.

ஒரு சொட்டு விழுந்தது.

"தொடச்சாச்சு தாயே," என்றாள்.