நாற்பது தடவை வந்தவர்

சியோலில் ஒரு வங்கியின் இணையதளத்துக்குப் பாதுகாப்பு ப்ளக்-இன், அதாவது வாடிக்கையாளர் தம் கணினியில் நிறுவ வேண்டிய துணை மென்பொருள், எழுதியவள் தாக் மியோக். ஒரே ஆசாமி தினமும் நாற்பது தடவை உள்ளே நுழைவதைக் கண்டதும், பாவம், மேலாளரிடம் ஓடினாள்.

"திருடனேதான்! ஏதாவது போச்சுன்னா உன் வேலையும் போச்சு," என்றார் மேலாளர் பியோ.

அந்த ஆளுக்கே போன் போட்டாள். "ப்ளக்-இன் எழுதினவ பேசறேன். தினம் நாற்பது தடவை வந்து என்னய்யா பண்றீங்க?"

"அந்தப் புண்ணியவதி நீதானா? அதை நிறுவினாத்தான் மேல போக விடுது. நிறுவினா திறந்த பக்கமெல்லாம் மூடிக்கிட்டு, மறுபடி முதல்லேர்ந்து வரச் சொல்லுது. ஒரு வாரமா இதே கூத்து!"

நம்பாமல் கேட்டாள்: "அப்படி என்ன அவசரம்?"

"உங்க சகவாசமே வேண்டாம்னு கணக்கை மூடிட்டுப் போகத்தாம்மா!"