செல்வராணி வீட்டு மோடம்

செல்வராணி அந்த மோடத்தைப் பழைய வேட்டித் துணியால் துடைக்கிற பதனத்தை ஜன்னல் வழியே பார்த்தபோதே சொர்ணவல்லிக்கு வயிறு எரிந்தது. கைப்பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு மெதுவாகப் பவுடர் போட மாட்டார்கள்.

எரியாதா பின்னே? தெருவிலேயே முதலில் வைஃபை போட்டவள் சொர்ணவல்லி. மகன் காதுகுத்துக்கு அடித்த ஃபிளெக்ஸில், 'வருவோருக்கு வைஃபை உண்டு' என்று பாஸ்வேர்டையும் சேர்த்துப் போட்டுத் திருமயத்தையே அசத்தியவள். மகன் பேரில் வைத்த பாஸ்வேர்டு; மோடம் மாறினாலும் அது மாறாது. அந்த ஃபிளெக்ஸ் இப்போது செல்வராணி வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. கேட்டாளே என்று இவள்தான் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தாள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில்தான் மூன்றாவது மோடமும் புகைந்துபோயிற்று. ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாய் மதில் மேல் தலையை நீட்டி, "என்னக்கா, நெட்டு போச்சா?" என்று கேட்பவள் செல்வராணி. என்ன குசும்பு!

போதாததற்கு, சிங்கப்பூரிலிருந்து புருஷன் ஆத்மநாதன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "அந்தப் புள்ள எம்புட்டுப் பதனமா வச்சிருக்கு! போயிக் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் புது மோடம் கெடையாது."

கட்டினவன் வாயால் அடுத்த வீட்டுக்காரிக்குப் பாராட்டு! பல்லைக் கடித்துக்கொண்டு செல்வராணி வீட்டுப் படியேறினாள் சொர்ணவல்லி.

"ஏன்டி, மறைக்காமச் சொல்லு. ஒன்னுது மட்டும் எப்படிடி கெடாம இருக்கு?"

"தூசி அண்டவிடக் கூடாதுக்கா. நாலு பக்கமும் காத்துப் படணும். நீங்க என்னடான்னா வெல்வெட்டுல உறை தச்சு மாட்டியிருக்கீங்க, அதுக்கு மூச்சு முட்டாதா? இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கிரணும்."

இதுதானா பெரிய ரகசியம் என்று உதட்டைச் சுழித்தபடி மோடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. தன்னுடையது தோசைக்கல்லாய்ச் சுட்டது நினைவுக்கு வர, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சீக்கிரமாப் புதுசு மாட்டுங்கக்கா. நான் வேணா தெனமும் வந்து தொடச்சு விடுறேன்." செல்வராணியின் குரலில் நிஜமான கவலை.

"என் மோடத்து மேல ஒனக்கு என்னடி இம்புட்டு அக்கறை?"

செல்வராணி கொட்டகைக் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு நெளிந்தாள்.

"இது கனெக்ஷன் இல்லாத வெறும் டப்பாக்கா... ஒங்களுது போச்சுன்னா எங்க வீட்டுலயும் நெட்டு நின்னுருது!"